அகராதியை எறியச் சொன்னவர்களுக்கு

சின்னாளப்பட்டித் தெருக்களில் தறிச் சத்தம் முன்போல் இல்லை. இன்னும் தறி ஓடும் வீடுகளுள் ஒன்றிலிருந்து நம் கல்லூரிக்குப் படிக்க வந்த மாணவன் ஒருவன். வீட்டில் பேசுவது கன்னடம், தெருவிலும் பள்ளியிலும் தமிழ். ஆங்கிலத்தைப் பாடநூலிலும் தேர்வுத் தாளிலும் மட்டுமே கண்டவன். அவனிடம் நீள நோட்டு ஒன்று இருந்தது. பக்கத்தின் இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் தமிழ்ப்பொருள், அடியில் அவனாக எழுதிப் பார்த்த ஒரு வாக்கியம். கூடவே மேலட்டை கிழிந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி.

நகரத்திலிருந்து வந்திருந்த ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அந்த நோட்டையும் அகராதியையும் வகுப்பின் முன் உயர்த்திக் காட்டி, 'இவற்றைத் தூக்கி எறிந்தால்தான் உனக்கு ஆங்கிலம் வரும். ஆங்கிலத்திலேயே நினைக்கப் பழகு' என்றார். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நாமும் வாய் திறக்கவில்லை. பயிற்சியின் எஞ்சிய நாட்களுக்கு அம்மாணவன் வரவில்லை. பின்னொரு நாள் நூலகத்தில் எதிர்ப்பட்டபோது கேட்டான்: 'அர்த்தமே தெரியாம அதுலயே எப்படிங்கய்யா நினைக்கிறது?'

அன்று அவனுக்கு நாம் சொல்லாத பதில்தான் இக்கட்டுரை. பயிற்சியாளர் மேல் நமக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. தமக்குச் சொல்லப்பட்டதை அவர் நமக்குச் சொன்னார். அவர் வாயிலாகப் பேசிய கோட்பாட்டோடுதான் நம் வழக்கு.

*

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்க வேண்டும், தாய்மொழி குறுக்கே வரலாகாது என்னும் இக்கோட்பாடு இயற்கை விதிபோல நம் பள்ளிகளில் உலவுகிறது. தமிழில் பேசிய குழந்தையிடம் அபராதம் வாங்கும் பள்ளிகள் நம் ஊர்ப்பக்கத்திலேயே உண்டு. ஆனால் இது இயற்கை விதியன்று. மனிதர்கள் கூடி எடுத்த முடிவு. அதற்கு ஆண்டும் இடமும் உண்டு.

1961ஆம் ஆண்டு உகாண்டா நாட்டின் மக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது குறித்துக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று கூடியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் மட்டுமே கற்பிப்பது சிறப்பு, ஆங்கிலேயரே சிறந்த ஆசிரியர், பிறமொழிப் புழக்கம் கூடினால் ஆங்கிலத்தின் தரம் குறையும் என்பன போன்ற கருத்துகளுக்கு அதன்பின் ஒரு சாத்திரத்தின் தகுதி வந்து சேர்ந்தது. இராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட 'லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம்' என்ற நூலில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை ஆய்வின் முடிவுகள் அல்ல, மாயைகள் என்று வாதிட்டார். இவற்றால் ஆதாயம் அடைந்தோர் யார் என்றும் கேட்டார். பாடநூலும் பயிற்சியாளரும் ஏற்றுமதியாகும் நாட்டுக்குத் தாய்மொழி தேவையில்லை என்னும் கோட்பாடு வசதியானது. ஒரே புத்தகத்தை எல்லா நாட்டிலும் விற்கலாம் அல்லவா!

நம் மாநிலமும் இக்காற்றுக்கு விலக்காக இருக்கவில்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்ற பெயரில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, உருளும் பனி உருண்டைபோல அது பெருக வேண்டும் என்பது ஏற்பாடு. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிப் பழகுவதே அதன் முறை. பனியே பெய்யாத நாட்டில் உருட்டப்பட்ட அவ்வுருண்டை எவ்வளவு தூரம் உருண்டது என்பதை, பட்டம் பெற்றும் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதத் திணறும் நம் மாணவரைக் கேட்டால் தெரியும்.

இதில் நகைப்புக்கிடமான செய்தி ஒன்று உண்டு. 'ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள்' என்று கையில் கொடுக்கப்படும் மாணவர் அகராதியே இங்கிலாந்தில் பிறந்ததன்று. டாக்காவில் வங்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து, 1490 எளிய சொற்களை மட்டும் கொண்டு மற்றச் சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி 1935இல் ஓர் அகராதி வெளியிட்டார். ஜப்பானில் கற்பித்த ஹார்ன்பி தம் தோழர் இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாயிற்று. பின்னர் 1948இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. இன்று உலகெங்கும் புழங்கும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதி அதன் வழிவந்ததே. வங்கச் சிறுவனும் ஜப்பானிய மாணவனும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டவர்களால்தான் அவ்வகராதிகளை ஆக்க முடிந்தது. ஆசியப் பிள்ளையின் தடுமாற்றத்திலிருந்து எழுந்த கருவியைக் காட்டி, ஆசியப் பிள்ளையின் மொழியை வகுப்பிலிருந்து விரட்டுவது என்ன நியாயம்?

*

ஹார்ன்பியின் அகராதியைச் சீனர் எவ்வாறு பயன்கொண்டனர் என்பதை இங்கே பார்க்க வேண்டும். அவர்கள் அதை அப்படியே வாங்கி மாணவர் கையில் திணிக்கவில்லை. ஆங்கில விளக்கத்தை விட்டுவிடவும் இல்லை. ஆங்கில விளக்கத்தின் அருகிலேயே சீன விளக்கத்தையும், எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குச் சீன மொழிபெயர்ப்பையும் சேர்த்து 'இரட்டை விளக்க' அகராதியாக ஆக்கினர். தலைமுறை தலைமுறையாகச் சீன மாணவர் மேசையில் இருப்பது அந்த நூல்தான்.

இந்த வழக்கம் அவர்களிடம் நேற்று முளைத்ததன்று. 1897இல் ஷாங்காயில் தொடங்கப்பட்ட கமர்ஷியல் பிரஸ் என்னும் பதிப்பகம் மறு ஆண்டே வெளியிட்ட நூல் ஓர் ஆங்கில அரிச்சுவடி. ஸியே ஹொங்லாய் என்பவர் ஆங்கிலப் பாடங்களுக்குச் சீனத்தில் பொருளும் குறிப்பும் எழுதிச் சேர்த்திருந்தார். நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் சீனத்தின் தலையாய பதிப்பகமாக வளர்ந்த நிறுவனத்துக்கு அடிக்கல் இட்டது அவ்வரிச்சுவடிதான். அதன் மூலநூல் எது தெரியுமா? ஆங்கிலேயர் இந்தியச் சிறார்க்கென்று ஆக்கிய பாடநூல்! நமக்கென்று எழுதப்பட்ட நூலை எடுத்துத் தம் மொழியில் உரை எழுதி அவர்கள் முன்னேறினார்கள். நாமோ இன்றும் உரை எழுதலாமா கூடாதா என்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

அதே ஷாங்காயில் 1970களின் நடுவில் தொடங்கிய பெரும் ஆங்கில-சீன அகராதிப் பணி, லு குசுன் என்னும் பேராசிரியரின் தலைமையில் 1989இலும் 1991இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்காக ஒரு தலைமுறை அறிஞர்கள் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்டனர். அகராதி தொகுப்பதை இழிந்த வேலையாக அங்கே எவரும் கருதவில்லை.

சீனத்தில் எல்லாம் செவ்வையாக நடந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தும் பேச வராத 'ஊமை ஆங்கிலம்' பற்றிய புலம்பல் அங்கும் உண்டு. ஆனால் பேச வராததற்குக் காரணம் பேசாமைதான், பொருள் தெரிந்திருந்தமை அன்று. சொல்லின் பொருளைத் தாய்மொழியில் அறிந்தவனுக்கு நாக்கு முடங்கும் என்றால், உலகின் மொழிபெயர்ப்பாளர் அனைவரும் ஊமைகளாக இருக்க வேண்டும்.

ஆய்வும் இதற்கு எதிராக இல்லை. 1997இல் பாதியா லாஃபர், லினோர் ஹதார் இருவரும் ஆங்கிலம் கற்போரிடையே மூவகை அகராதிகளை ஒப்பிட்டனர்: ஆங்கிலத்தில் மட்டும் பொருள் கூறுவது, தாய்மொழியில் மட்டும் கூறுவது, இரண்டிலும் கூறுவது. புதிய சொல்லைப் புரிந்துகொள்வதிலும் எடுத்தாள்வதிலும் பொதுவில் மேம்பட்டு நின்றது இரண்டிலும் கூறும் அகராதியே. நம் மாணவனின் கிழிந்த அகராதியை எறியச் சொன்னவர், அதனருகே இன்னொன்றை வைக்கச் சொல்லியிருந்தால் நாம் அவரை வணங்கியிருப்போம்.

*

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உரை எழுதுவதையே கல்வியாகக் கொண்ட மரபு நம்முடையது. பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விளக்கவுரை என்று எத்தனை வகை! பரிமேலழகர் இல்லாமல் குறளையும் நச்சினார்க்கினியர் இல்லாமல் பத்துப்பாட்டையும் எத்தனை பேர் நேரே படித்திருக்கிறோம்? சொந்த மொழியின் பழஞ்சொல்லுக்கே உரையை நாடும் நாம், ஏழு கடல் தாண்டி வந்த சொல்லை உரையின்றி விழுங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்களும், கோனார் உரையைக் கையில் வைத்துக்கொண்டு தேறியவர்களும் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் இந்த உபதேசம்.

இருமொழி அகராதியும் நமக்குப் புதிதன்று. 1732இல் சதுரகராதி ஆக்கி, தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் தேடும் வழியைத் திறந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். ஃபப்ரீஷியஸ் 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சிட்ட அகராதியில் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லப்பட்டது. வின்சுலோவின் பேரகராதி 1862இல் வந்தது. நம் மொழியைக் கற்க வந்த பாதிரிமார் தம் மொழியில் பொருள் எழுதி வைத்துக்கொண்டுதான் கற்றார்கள். 'தமிழிலேயே நினை, உன் மொழியைத் தூக்கி எறி' என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ்வகராதிகள் பிறந்திரா.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாணவனின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தறியருகே தாயிடம் கன்னடத்தில் பேசுகிறான். வாசலில் நண்பனிடம் தமிழில் பேசுகிறான். கன்னடத்தை மறந்தால்தான் தமிழ் வரும் என்று அவனுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. ஒன்றைத் தாங்கலாகக் கொண்டே மற்றதைக் கற்றான். இரண்டு மொழிகளில் வாழத் தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழியில் மட்டும் இந்த விரதம் ஏன்? இவ்வூருக்கு அருகிலேயே, 1947இல் தொடங்கப்பட்ட காந்திகிராமம் இருக்கிறது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு தாய்மொழியைக் கல்வியின் வாயிலாக வைத்தது. அந்தச் சிந்தனையின் நிழலில் வளர்ந்த வட்டாரத்தில் இருந்துகொண்டே இதை வாதாட வேண்டியிருப்பது வருத்தத்திற்குரியது.

*

தமிழ் விளக்கம் வெறும் ஊன்றுகோல் என்று எண்ணுவோர் உண்டு. நடை பழகியதும் எறிந்துவிடலாமாம். நாம் சொல்வது அதற்கு மேல். ஆங்கிலத்தின் சில நுட்பங்களைத் தமிழால் விளக்குமளவுக்கு ஆங்கிலத்தால் நம் பிள்ளைக்கு விளக்க முடியாது.

'ரிமெம்பர்', 'ரிமைண்ட்' இரண்டும் நம் மாணவரை ஆண்டுதோறும் குழப்புபவை. ஆங்கில விளக்கத்தைப் பத்து முறை படித்தும் மாற்றி எழுதுவார்கள். ஒன்று நினைத்தல், மற்றது நினைவூட்டல், அதாவது தன்வினையும் பிறவினையும் என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் தெளிகிறது. 'ஈட்', 'ஃபீட்' என்பவை உண், ஊட்டு. 'ஸீ', 'ஷோ' என்பவை காண், காட்டு. 'ஃபால்', மரத்தைச் சாய்க்கும் 'ஃபெல்' என்பவை விழு, வீழ்த்து. எட்டாம் வகுப்பில் படித்த தமிழ் இலக்கணம் ஆங்கிலத்துக்கு விளக்காகிறது.

'எ', 'தி' என்னும் இரு சிறு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவை இல்லை, ஆகவே தமிழனுக்கு அவை வாரா என்பார்கள். சின்னாளப்பட்டியில் ஒருவர் தம் மகனிடம் 'நூல் வாங்கி வா' என்கிறார். ஏதோ கொஞ்சம் நூல். 'நூலை வாங்கி வா' என்கிறார். ஏற்கெனவே பேசிவைத்த, இருவருக்கும் தெரிந்த அந்த நூல். ஓர் ஐகார உருபு மறைந்தும் வெளிப்பட்டும் செய்யும் வேலை, ஆங்கிலத்தில் 'தி' செய்யும் வேலைக்கு மிக அருகில் வருகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது, உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டை அப்பிள்ளை பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அறிவான். அவன் அறிந்ததை அவனுக்கு எடுத்துக்காட்டுவதற்குப் பெயர்தான் கற்பித்தல்.

மறுபுறம், தமிழே தவறுக்கு இட்டுச்செல்லும் இடங்களும் உண்டு. கடன் வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன் என்று இருக்கும் நமக்கு 'பாரோ', 'லெண்ட்' என்ற இரண்டும் ஒன்றாகத் தோன்றும். வகுப்பில் விளங்காததைக் கேட்க எழும் மாணவன் 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறான். அவன் மனத்தில் இருப்பது நம் 'சந்தேகம்', அதாவது தெரியாமை. நம்மூரில் அது செல்லும். அயல்நாட்டுப் பேராசிரியர் காதிலோ 'நீங்கள் சொல்வதை நம்பவில்லை' என்று விழக்கூடும். இலண்டனில் அச்சாகும் ஆங்கில-ஆங்கில அகராதிக்கு நம் 'சந்தேகம்' எப்படித் தெரியும்? அது அந்தப் பள்ளத்தைக் காட்டாது. தமிழனுக்கென எழுதப்பட்ட விளக்கம்தான் 'இங்கே வழுக்கும்' என்று சொல்லும்.

நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் 'ரைஸ்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி அது. 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் 'வீ' என்று ஒன்றாக்கும் மொழி. இக்கட்டுரையில் நாம் 'நாம்' என்று எழுதும்போது வாசகரையும் உள்ளடக்கியே எழுதுகிறோம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தனியே ஒரு வாக்கியம் வேண்டும். இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கு இரண்டும் துலங்குகின்றன. ஒன்றைப் பூட்டி வைத்தவனுக்கு இரண்டும் இருள்.

*

இதுவரை ஆங்கிலத் துறையைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டைப் பார்ப்போம். குற்றத்தில் பாதி தமிழ்த்துறையாருடையது.

சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களின் முற்பகுதியில் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் வெளியிட்டது. பெரும் உழைப்பு, ஐயமில்லை. ஆனால் அந்த மரபை நாம் வளர்த்த விதம் என்ன? ஒரு சொல்லுக்கு எதிரே ஐந்து தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கிவிட்டால் அகராதி முடிந்தது என்று எண்ணினோம். எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்த வினையோடு எது சேரும், எதை நண்பனிடம் சொல்லலாம், எதை அதிகாரிக்கு எழுதலாம் என்பதைச் சொல்லாமல் விட்டோம். ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் தமிழ், பின்னால் ஒட்டப்பட்ட சீட்டாகவே இருக்கிறது. பயன்பாட்டு விளக்கம் ஆங்கிலத்தில், பெயர்ப்பலகை மட்டும் தமிழில்.

இன்னொரு நோயும் உண்டு. எவரும் வழங்காத புதுச்சொல்லைப் படைத்து வைப்பதில் நமக்கு இருந்த ஆர்வம், வழங்கும் தமிழில் விளக்குவதில் இல்லை. ஆங்கிலச் சொல் விளங்காமல் அகராதியைத் திறந்த மாணவன், அதிலுள்ள தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேட இன்னோர் அகராதியைத் திறக்க நேர்வதை நாம் கண்டிருக்கிறோம். பயிற்சியாளரின் ஏளனத்துக்கு இடம் கொடுத்தவர்களுள் நாமும் உண்டு.

வழி தெரியாமலும் இல்லை. க்ரியா பதிப்பகம் 1992இல் வெளியிட்ட 'தற்காலத் தமிழ் அகராதி'யைப் பாருங்கள். எழுத்திலும் பேச்சிலும் சொல் உண்மையில் எப்படி வருகிறது என்று திரட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்து, எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்த அகராதி அது. 2008இலும் 2020இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே 2020இல் க்ரியா ராமகிருஷ்ணன் பெருந்தொற்றுக்குப் பலியானார். தமிழ்ச் சொல்லுக்கு ஒரு சிறு பதிப்பகம் செய்ததை, ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்யலாகாதா?

கைபேசி இருக்க அகராதி எதற்கு என்று கேட்பார்கள். கைபேசி ஒரு நொடியில் இணைச்சொல்லைக் கொடுக்கும். கேட்டால் விளக்கமும் வாக்கியமும் கூடத் தரும். நல்லதே. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது, தன் தடுமாற்றம் எங்கே என்று அறிந்தவனுக்கே தெரியும். 'சந்தேகம்' என்பதை 'டவுட்' என்று பெயர்த்துத் தந்துவிட்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அது நகர்ந்தால், மாணவனுக்குப் பிழை நடந்ததே தெரியாது. மேலும், எந்திரம் தன் விளக்கத்தை எங்கிருந்து எடுக்கும்? நாம் எழுதி வைத்த தமிழிலிருந்துதான். நாம் எழுதாததை அதுவும் அறியாது.

*

ஆகவே நம் கோரிக்கை எளியது. மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்கள் என்று ஏறத்தாழ 2000 சொற்களைப் பட்டியலிட்டார். முதலில் அவ்வளவு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு செய்திகள் வேண்டும்: எளிய ஆங்கில விளக்கம், வழங்கும் தமிழில் விளக்கம், மொழிபெயர்ப்போடு கூடிய எடுத்துக்காட்டு வாக்கியங்கள், தமிழ் பேசுவோர் வழுக்கும் இடம் பற்றிய குறிப்பு. நான்காவதுதான் உயிர். அதை எழுத ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டும். ஒரே கட்டடத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தும் ஒரு சொல்லைப் பற்றிக் கூடிப் பேசாமல் ஓய்வுபெறும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. தமிழில் மட்டுமே பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அறிவியலும் கணக்கும் படிக்கிறார்கள். அவர்கள் கையில் இப்படி ஓர் அகராதி இல்லாமல் அப்பிரிவுகளைத் திறந்தது, நீச்சல் சொல்லித்தராமல் கிணற்றில் இறக்கிவிட்டதற்கு ஒப்பாகும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் உள்ள பிள்ளைக்குத் தாயும் தந்தையுமே உரையாசிரியர்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிழிந்த அகராதிதான் உரையாசிரியர். அதை எறியச் சொல்பவர் அவனைத் தனியே விடச் சொல்கிறார் என்பதே பொருள்.

நம் அளவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஆங்கிலத் துறை நண்பர் ஒருவரும் நாமும் புதன்தோறும் பிற்பகலில் நூலகத்தில் அமர்கிறோம். வாரத்துக்குப் பத்துச் சொற்கள். மாணவர்களே தம் பிழைகளைக் கொண்டுவருகிறார்கள். நோட்டுக்குச் சொந்தக்காரனும் வருகிறான். சென்ற வாரம் 'டவுட்' பற்றி எழுதியபோது, கன்னடத்திலும் இதே வழுக்கல் உண்டு என்று அவன்தான் சொன்னான். நமக்கு அது தெரியாது. அவன் நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தியும் இருக்கிறது.

இரண்டாயிரம் சொற்களையும் முடிக்க இவ்வேகத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆகும். இன்னும் பத்துக் கல்லூரிகள் சேர்ந்தால் ஓர் ஆண்டுகூட ஆகாது. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் மறுப்பு எழுதலாம், வரவேற்கிறோம். அதற்கு முன், தங்கள் வகுப்பில் ஆங்கிலச் சொற்களுக்கு அருகே தமிழ் எழுதி வைத்திருக்கும் நோட்டு எவரிடமாவது இருந்தால் அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். படித்தபின் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.